சேர்ந்தால் ஊமை

“சோமுல ஸ்பீக்கர மாத்தியிருக்காங்கன்னு நான் சொல்லிகினே இருக்கேன், நீ என்னடான்னா…”

“யாரு மாத்தினாங்க? எப்ப மாத்தினாங்க? பதினாலு வருஷமா உங்க கூட வேன்ல ஏறிகினு இருக்கேன், என்னப் பார்த்து…”

“உன்னைய மட்டுமா சொன்னேன்? திண்டிவனத்துல கடை வெச்சிருக்கானே உன் சிநேகிதன், ரிப்பேர் சக்கரவர்த்தி…”

“அவருகிட்ட குடுன்னு சொன்னதே நீங்க…”

“எடுத்துகினு போனது நீ. ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துதான்…”

“ஒருத்தர் ஒருத்தரா இறங்குங்க சார்,” என்றார் அரசப்பன். “படிக்கட்டு ஒண்ணுதான் இருக்கு.”

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தொண்டை. ஒத்திகை அறையின் நடுவில் சண்டை போட்ட சீனுவாசனும் சுதாகரும் தங்களை அறியாமல் ஓரடி விலகினார்கள். அரசப்பன் அந்த இடைவெளியில் புகுந்து நின்றுகொண்டார். ஓய்வுபெற்ற பிறகு அவருக்குக் கிடைத்த உத்தியோகம், விழுப்புரத்தின் ஒரே துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. முதலாளி காயத்ரிக்கு முப்பத்தெட்டு வயது. இதுவரை அவள் கையும் களவுமாகப் பிடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர், சம்பளத்தைக் கூட்டிச் சொன்ன மாப்பிள்ளைகள்.

இந்த வழக்கும் அந்த வழியாக வந்ததுதான். சீனுவாசன் தன் மகள் வெண்ணிலாவுக்கு மாப்பிள்ளை விசாரிக்க வந்தபோது, ‘பையன் ஒழுக்கமானவன், கீபோர்டு வாசிப்பான்’ என்று காயத்ரி எழுதிக் கொடுத்தாள். இரண்டும் உண்மை. இரண்டாவது உண்மைதான் இப்போது வினையாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம், புரட்டாசியில் மாப்பிள்ளை சுகுமார், மாமனாருடைய ‘வெண்ணிலா மெலோடிஸ்’ இன்னிசைக் குழுவில் கீபோர்டு, ஐப்பசியில், பதினாலு வருஷமாக அங்கே பேஸ் கிட்டார் வாசிக்கும் சுதாகர் மீது திருட்டுப் புகார்.

“விஷயம் சிம்பிள்ம்மா,” என்றார் சீனுவாசன். “போன ஞாயித்துக்கிழமை கெடார் கிராமத்துல ரிசப்ஷன். பேஸ் கிட்டாருக்குன்னு நம்மகிட்ட ரெண்டு பாக்ஸு. அதோ நிக்குது பாருங்க, ராமு, சோமு.”

இடுப்பளவு உயரத்தில் இரண்டு கறுப்புப் பெட்டிகள். வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் வயிற்றிலும் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர்.

“அன்னிக்கு இவன் வாசிக்கறான், சத்தமே வரல. கொய்ங்குன்னு கொசு மாதிரி. பொண்ணோட மாமா மேடைக்கே வந்து, ஏம்ப்பா டிரான்சிஸ்டரையா கொண்டாந்து வெச்சிருக்கீங்கன்னு கேக்கறாரு. போன மாசம் ரெண்டு பாக்ஸையும் திண்டிவனத்துக்கு ரிப்பேருக்கு அனுப்பினோம். அங்க ஒரிஜினல கழட்டிகினு, லோக்கல் ஸ்பீக்கர மாட்டிட்டாங்க. இன்னிக்கு சாயங்காலம் இங்க டவுன்லயே ரிசப்ஷன். நம்ம கலைஞர் சங்கத்து செயலாளர் வர்றாரு. பழைய ஆள காரணம் இல்லாம நிறுத்தினா சங்கத்துல கேள்வி கேப்பாங்க. அதனால உங்க ரிப்போர்ட்ட காட்டிட்டு இவன நிறுத்திடலாம்.”

“இவருக்குப் பதிலா யாரு வாசிப்பாங்க?” என்றாள் காயத்ரி.

“கீபோர்டுலயே பேஸ் வாசிக்க மாப்பிள்ளையோட இடது கை சும்மாதானே இருக்கு?”

மூலையில் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, சும்மா இருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டார்.

“நல்ல ஏற்பாடு சார்,” என்றார் அரசப்பன். “ரெண்டு காலும் கூட சும்மாதான் இருக்கு. டிரம்ஸையும் அவருகிட்டயே குடுத்துட்டா வேன்ல எடம் மிச்சம்.”

சீனுவாசன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். “உங்களுக்கு சிரமம் வேணாம்னு ரிப்போர்ட்ட நானே அடிச்சு வெச்சுட்டேன். கையெழுத்து மட்டும் போட்டா போதும்.”

அவர் முன்கட்டில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருப்பவர். பழக்க தோஷம், துப்பறியும் அறிக்கையையும் அதே அட்டையில் அடித்திருந்தார். மேலே பிள்ளையார் சுழி, நாலு மூலையிலும் மஞ்சள். அரசப்பன் எட்டிப் பார்த்தார். ‘…சோமு என்னும் பெட்டியில் கோளாறு செய்யப்பட்டிருப்பது விசாரணையில் தெரியவருகிறது…’

“முகூர்த்த நேரம் போடல சார்,” என்றார்.

“ஜல்தி படிச்சுப் பாருங்க. பார்ட்டி வந்திருக்காங்க, நான் கடைய பார்த்துட்டு வர்றேன்,” என்று சீனுவாசன் முன்னால் போனார். அங்கிருந்து அச்சு மை கழுவும் தின்னர் வாடையும், பின்னாலேயே அவர் குரலும் வந்தன. “தாய்மாமன் பேர பெரிய எழுத்துல போடலேன்னா மண்டபத்துலயே சண்டை வரும், சொல்லிட்டேன்…”

ஒத்திகை அறையில் வேறு வாடை. ஆயுத பூஜை முடிந்து பத்து நாளாகியும் யாரும் எதையும் துடைக்கவில்லை. டிரம்ஸ், மைக் ஸ்டாண்டு, ஆம்ப்ளிஃபயர், சுவரில் இருந்த ஃபேன் ரெகுலேட்டர் என்று எல்லாவற்றின் நெற்றியிலும் காய்ந்து வெடித்த சந்தனம், நடுவில் குங்குமம்.

“ரெகுலேட்டருக்கு என்னா களை பாருங்க மேடம்,” என்றார் அரசப்பன். “காத்துதான் வரல.”

காயத்ரி சுதாகர் பக்கம் திரும்பினாள். “ஒரு பாக்ஸ மட்டும் போட்டு வாசிச்சுக் காட்டுறீங்களா?”

“தனியாவா? ஒத்திகைனாலும் மேடைனாலும் ரெண்டும் சேர்த்துதாங்க போடறது.” சுதாகர் ராமுவின் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தான். தடித்த கம்பியை ஒருமுறை சுண்டினான்.

சோமு பேசியது. அரசப்பனின் சட்டைப் பையில் இருந்த சில்லறை அதிர்ந்தது. சுவரில் நாள்காட்டி ஆடியது. சுதாகர் கிட்டாரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான், தன் விரலைப் பார்த்தான்.

“லோக்கல் ஸ்பீக்கருக்கு இவ்ளோ குரலா?” என்றாள் காயத்ரி. “இப்ப அடுத்தது.”

ராமுவும் அதே மாதிரி அதிர்ந்தது.

“ரெண்டையும் சேர்த்துப் போடுங்க.”

சுதாகர் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்தான். பின்பலகையில் பெட்டிக்கு இரண்டு போல்ட். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு. சிவப்பு வயரைப் பொட்டுப் பக்கம் முறுக்கினான், கறுப்பை மற்றதில். எழுந்து வந்து சுண்டினான்.

கொய்ங்.

“புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கே,” என்றார் அரசப்பன். “தனித்தனியா போனா ஊரே அதிருது. சேர்ந்து உக்கார வெச்சா பேச்சே இல்ல.”

சுதாகர் சிரிக்கவில்லை. “மேடம், அந்த அட்டையில நீங்க கையெழுத்து போட்டா, இன்னியோட நான் வேன் ஏற முடியாதுங்க. வேற ட்ரூப்புக்குப் போலாம்தான். ஆனா ஸ்பீக்கர் திருடின ஆளுன்னு சொன்னா எவன் சேர்ப்பான்? மாப்பிள்ளைக்காக ஒதுங்கிக்கோன்னு நேரா சொல்லியிருந்தா கூட பரவால்ல.”

மூலையில் மாப்பிள்ளை இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“சாயங்காலம் நாலு மணிக்கு வர்றேன்,” என்று காயத்ரி அட்டையைக் கைப்பையில் வைத்தாள். “அதுவரைக்கும் யாரும் இந்த பாக்ஸுங்கள தொடக் கூடாது. அண்ணே, கிளம்புங்க. திண்டிவனம்.”

பஸ்ஸில் அரசப்பனுக்கு எப்போதும் ஒரே வியாதி. கண்டக்டர் சில்லறை எண்ணுவதைப் பார்த்துத் தாங்கமாட்டார். விக்கிரவாண்டி தாண்டும் வரை அந்த ஆளுக்கு நாலு யோசனை சொல்லி, நாலுக்கும் முறைப்பு வாங்கி, கடைசியில் ஒரு பொட்டலம் மல்லாட்டைக் கடலையோடு அமைதியானார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சந்துக்குள் இருந்தது குமரேசனின் கடை. வாசலில் குடல் வெளியே தொங்கிய ஆம்ப்ளிஃபயர்கள். உள்ளே, கூட்டில் கிளி மாதிரி குமரேசன்.

“சீனுவாசன் அனுப்பின ஆளா? என்னைத் திருடன்னு சொன்னாராமே, சுதாகர் போன்ல சொன்னான். உக்காருங்க, டீ சொல்றேன். திருடன் கையால டீ சாப்பிடுவீங்க இல்ல?”

“சர்க்கரை ஒரிஜினலா இருந்தா சாப்பிடுவோம்,” என்றார் அரசப்பன்.

குமரேசன் அதற்குமேல் கோபத்தை அடக்கவில்லை. “அவருக்கு ஆம்ப்பு பத்தி பேச யோக்கியதை இருக்குதாங்க? வாங்கப் போன கதை தெரியுமா? மெட்ராஸ்ல கடைக்காரன் ஆறு ஆம்ப்பு வெச்சிருக்கான். இவரு ஒவ்வொண்ணா தூக்கிப் பார்த்தாராம். எது கனமா இருந்துச்சோ அத வாங்கினாராம். பலாப்பழம் வாங்கறாரு. ஃபியூஸ் போச்சுன்னா சிகரெட் அட்டை ஜிகினாவ சுத்தி மாட்டுவாரு. ஆம்ப்பு சூடாவுதுன்னு ஈரத்துணி போடுவாரு. அது மேலேயே காபி டம்ளர வெப்பாரு. ஒரு தடவை எடுத்துகினு வந்தாரு, திறந்து பார்த்தா உள்ள அரை டம்ளர் காபி, ஒரு கரப்பான். அதுக்கும் நான்தான் காரணம்னாரு.”

“கரப்பான் ஒரிஜினலா?”

“இப்போ அவரு பாக்ஸு தனித்தனியா நல்லா பேசுது,” என்று காயத்ரி நடுவில் புகுந்தாள். “சேர்த்தா ஊமை. ஏன்?”

குமரேசன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். முகத்தில் இருந்த கோபம் இறங்கி, அந்த இடத்தில் ஒரு நக்கல் ஏறியது. “அட. அதானா? வயர் மாத்தி மாட்டியிருக்காங்க. ஒரு பாக்ஸுல பிளஸ்ஸு மைனஸ்ஸா போயிருக்கு. ஒரு ஸ்பீக்கர் காத்த முன்னாடி தள்ளுது, அதே நேரத்துல பக்கத்துல இருக்கறது பின்னாடி இழுக்குது. ரெண்டும் காத்த பங்கு போட்டுத் தின்னுட்டா பேஸு எங்க வரும்?”

“நான் விசில் ஊத, டிரைவர் பிரேக் போட்ட மாதிரி,” என்றார் அரசப்பன்.

“அதேதான். இதே பேஜாரு ரெண்டு வருஷம் முன்னாடியும் ஆச்சு. நீங்க உக்காந்திருக்கீங்களே, அதே ஸ்டூல்ல உக்காந்து சீனுவாசன் இதே கதைய கேட்டாரு. தனியாத்தான் வந்திருந்தாரு. அப்புறம்தான் இனிமே தப்பு வரக் கூடாதுன்னு, ரெண்டு பாக்ஸுலயும் பிளஸ் பக்கம் என் வீட்டுக்காரி நெயில் பாலிஷ எடுத்து ஒரு பொட்டு வெச்சேன். சிவப்பு வயர பொட்டுல மாட்டு, கண்ண மூடிகினு போன்னு சுதாகருக்கு சொல்லி அனுப்பினேன்.”

“அவர் அப்படித்தான் மாட்டினாரு. நான் பார்த்தேன். எந்த பாக்ஸு மாறியிருக்குன்னு கேட்டே சொல்லிடலாமா?”

“யாரால முடியும்? தனியா கேட்டா ரெண்டும் நல்லவன். சேர்த்துக் கேட்டா ரெண்டும் ஊமை. ரெண்டுல ஒண்ணு திரும்பி நிக்குதுன்னு தெரியும், எதுன்னு எந்தக் காதாலயும் சொல்ல முடியாது. செல்லு வெச்சுத்தான் பார்க்கணும்.”

“எந்தக் காதாலயும்?”

“எந்தக் காதாலயும்.”

“நிச்சயமா?”

ஒரே டிக்கெட்டை மூன்று முறை கேட்டு வாங்கும் பயணியைப் பார்ப்பதுபோல் அரசப்பன் அவளைப் பார்த்தார். காயத்ரி டீயை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தாள். குமரேசன் இரண்டு டார்ச் செல்லை ஒன்றன்பின் ஒன்றாக டேப் சுற்றி, இரண்டு பக்கமும் துண்டு வயர் ஒட்டிக் கொடுத்தார்.

“செல்லோட மேல்மூக்கு பொட்டுப் பக்கம், அடிப்பக்கம் மத்த போல்ட்டுல. தொட்ட உடனே ஸ்பீக்கர் முன்னாடி வந்தா சரி. உள்ள போனா அதுதான் குத்தவாளி. ஆம்ப்பு வயர கழட்டிட்டு வைங்க. சீனுவாசன் கையில மட்டும் குடுத்துடாதீங்க, செல்லுக்கும் ஜிகினா சுத்திடுவாரு.”

நாலு மணிக்கு ஒத்திகை அறையில் எல்லோரும் இருந்தார்கள். வேன் வாசலில் நின்றது. சீனுவாசன் பட்டு வேட்டியில் இருந்தார். சுதாகர் காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான், சட்டை மட்டும் மேடைக்குரிய ஜரிகைச் சட்டை. வேன் ஏறுவோமா மாட்டோமா என்று தெரியாதவன் சட்டை மாற்றி வந்திருந்தது அரசப்பனுக்கு என்னவோ போல் இருந்தது. அதனால் அதைப் பற்றி எதுவும் நக்கலாகச் சொல்லவில்லை.

“கையெழுத்து ஆச்சா?” என்றார் சீனுவாசன்.

“இதோ. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வைத்தியம்.” காயத்ரி இரண்டு பெட்டிகளின் வயரையும் கழற்றச் சொன்னாள். “அண்ணே, ராமு வயித்துல மெதுவா விரல வைங்க.”

அரசப்பன் வைத்தார். பின்னாலிருந்து அவள் செல்லைத் தொட்டாள். ஸ்பீக்கர் டுப் என்று விரலை முன்னால் தள்ளியது.

“உதைக்குது மேடம். எட்டாம் மாசம்.”

“சோமு?”

டுப். இம்முறை விரலுக்கடியிலிருந்து ஸ்பீக்கர் உள்ளே நழுவியது. அரசப்பன் விரலை எடுத்துவிட்டு காயத்ரியின் முகத்தைப் பார்த்தார். “இது உள்ள இழுக்குது.”

காயத்ரி சோமுவின் பின்பலகைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சிவப்புப் பொட்டை விரலால் தேய்த்தாள். விரலில் சிவப்பு வந்தது. ராமுவின் பொட்டைத் தேய்த்தாள். வரவில்லை.

“ராமுக்கு நெயில் பாலிஷ். சோமுக்குக் குங்குமம்,” என்றாள். “சுதாகர் சிவப்பு வயர சிவப்புலதான் மாட்டினாரு. ஆனா சிவப்பே எடம் மாறிடுச்சு. யாரும் ஸ்பீக்கர மாத்தல, யாரும் எதையும் திருடல.”

சுதாகர் அவள் விரலில் இருந்த சிவப்பை எட்டிப் பார்த்தான்.

“ஆயுத பூஜை,” என்றார் அரசப்பன், தலையில் அடித்துக்கொண்டு. “ரெகுலேட்டருக்கே பொட்டு வெச்சவங்க, போல்ட்ட விடுவாங்களா? குத்தவாளி சரஸ்வதிதான் மேடம். சம்மன் அனுப்ப விலாசம்தான் இல்ல.”

“அப்படித்தான் இருக்கும்,” என்று சீனுவாசன் சட்டென்று பிடித்துக்கொண்டார். அவர் முகம் இவ்வளவு சீக்கிரம் மலர்ந்ததை அரசப்பன் அன்று முழுக்கப் பார்க்கவில்லை. “பூஜை அவசரத்துல யாரோ வெச்சிருப்பாங்க. சாமி காரியம், யாரக் குத்தம் சொல்றது? சரி விடுங்க. ஆனா ஒண்ணு, இத்தினி வருஷம் வாசிச்சவன், பொட்டு மாறினது கூடத் தெரியாம மாட்டிகினு மேடையில மானத்த வாங்கினான் பாருங்க, அதுக்காகவாவது கொஞ்ச நாள் ஒதுங்கி…”

“இந்த ரூம்ல எத்தன பொட்டு இருக்குண்ணே?” என்றாள் காயத்ரி.

அரசப்பன் சுற்றிப் பார்த்தார். “அறுபது, எழுபது இருக்கும்.”

“எல்லாத்துலயும் குங்குமத்துக்கு அடியில என்ன இருக்கு?”

“சந்தனம். அது இல்லாம எப்படி நிக்கும்? மரத்துலயும் இரும்புலயும் வெறும் குங்குமம் ஒட்டாதே…” அரசப்பன் நிறுத்தினார். குனிந்து சோமுவின் பின்பலகையைப் பார்த்தார். பொட்டுக்கு அடியில் சந்தனம் இல்லை. ஏதோ ஒரு பசை மினுமினுத்தது, பத்திரிகை உறை ஒட்டும் பசை மாதிரி.

“அந்தப் பக்க போல்ட்டையும் பாருங்க.”

அடுத்த போல்ட்டின் ஓரத்தில், கறுப்பு வெளுத்துப்போய் ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பில், துடைத்தவர் கண்ணுக்குத் தப்பிய நெயில் பாலிஷ் சிவப்பில் ஒரு கீற்று. அரசப்பன் மூக்கை வைத்தார். காலையில் முன்கட்டிலிருந்து வந்த அதே வாடை.

“சரஸ்வதி தின்னர் போட்டுத் துடைச்சிருக்காங்க மேடம்,” என்றார் மெதுவாக. “படிச்சவங்க.”

“கடைக்கு ஆயிரம் பேர் வர்றாங்க,” என்றார் சீனுவாசன். “தின்னர் பாட்டில் கதவோரமே இருக்கு. அந்தத் திண்டிவனத்தானே வந்து பண்ணிட்டுப் போயிருப்பான். எனக்கு வயரு, பிளஸ்ஸு, மைனஸ்ஸு எதுவும் தெரியாதும்மா. நான் பத்திரிகை அடிக்கறவன்.”

காயத்ரி எழுந்தாள். வயர்களைச் சரியாக மாட்டும்படி சுதாகருக்கு ஜாடை காட்டினாள். இந்த முறை சோமுவில் சிவப்பு வயர், அழிக்கப்பட்ட வட்டத்தின் பக்கம். சுதாகர் கிட்டாரைத் தோளில் மாட்டினான். சுண்டினான்.

ராமுவும் சோமுவும் சேர்ந்து பேசினார்கள். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. ரெகுலேட்டர் நெற்றியிலிருந்து காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாகக் கீழே கொட்டியது. வாசலில் வேன் டிரைவர் இறங்கி வந்து, என்ன இடியா என்று எட்டிப் பார்த்தான். மூலையில் மாப்பிள்ளை சுகுமார் எழுந்து, யாரும் சொல்லாமலே, கீபோர்டைக் கொஞ்சம் வலது பக்கமாக நகர்த்தி வைத்து, பெட்டிகளுக்கு வழிவிட்டார்.

சத்தம் அடங்கும் வரை காயத்ரி காத்திருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்த அட்டையை எடுத்தாள். சீனுவாசன் பேனாவை நீட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை. அட்டையின் நடுவில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்து, அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“எந்தக் காதாலயும் கண்டுபிடிக்க முடியாத விஷயம் சார் இது, நானே இப்பதான் செல்லு வெச்சுக் கண்டுபிடிச்சேன், ராமு இல்ல, சோமுதான்னு காலையிலயே எப்படிங்க அடிச்சு வெச்சீங்க?”